பழைய மடிக்கணினியில் லினக்ஸ் நிறுவி, நீங்களே தேடிக் கற்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-ஐ ஏற்காத மடிக்கணினி ஏதாவது ஒன்று பல வீட்டு அலமாரிகளில் கிடக்கிறது. பழைய பொருள் வாங்கும் கரங்குனிக்காரரிடம் போடும் முன், அதில் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தை நிறுவி, அதைத் திறந்த மூல மென்பொருள் (நிரலை யாரும் பார்க்கவும் மாற்றவும் கூடிய மென்பொருள்) கற்கும் கணினியாக மாற்றலாம்.

சமூக மன்றத்திலும் அக்கம்பக்க வீடுகளிலும் புதியவர்களோடு உட்கார்ந்து பார்த்ததில் ஒன்று தெளிவாகத் தெரிகிறது. நிறுவுவது அவர்களுக்குக் கடினமாக இல்லை. வரிசை மாறிப்போவதால்தான் திணறுகிறார்கள். ஒரே மாலையில் ஐந்து விஷயங்களை மாற்றுகிறார்கள், ஏதோ ஒன்று கெடுகிறது, எது கெடுத்தது என்று தெரிவதில்லை. அதனால் இந்த வழிகாட்டியில் கட்டளைப் பட்டியலைவிட வரிசைக்கும் காரணத்துக்கும்தான் இடம் அதிகம். உதாரணத்துக்கு லினக்ஸ் வகைகளில் ஒன்றான லினக்ஸ் மிண்டை எடுத்துக்கொள்கிறேன். அதன் 22 வரிசைக்கு 2029 வரை பாதுகாப்புப் புதுப்பிப்புகள் உண்டு. வேறு லினக்ஸ் வகையைத் தேர்ந்தெடுத்தாலும் படிகள் பெரிதாக மாறாது.

1. எந்தக் கணினியில் கற்கப்போகிறீர்கள்?

ஒரு நாள் ஓடாமல் போனாலும் வீட்டில் யாருக்கும் சிரமம் வராத கணினிதான் சரியானது. பயத்தோடு தொட்டால் எதையும் சோதித்துப் பார்க்க மனம் வராது.

உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளின் தனிநபர் கற்றல் சாதனத்தில் கை வைக்காதீர்கள். அதில் பள்ளி நிர்வகிக்கும் மென்பொருள் இருக்கிறது. அதை அழித்தால் பிள்ளை பள்ளியில் பதில் சொல்ல வேண்டியிருக்கும். அலுவலக மடிக்கணினியும் வேண்டாம், அது உங்கள் பொருள் அல்ல.

மிண்டுக்குக் குறைந்தது 2 ஜிபி ரேமும் 20 ஜிபி இடமும் போதும் என்பார்கள். நிம்மதியாக வேலை செய்ய 4 ஜிபி ரேமும் 100 ஜிபி இடமும் வேண்டும். பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க் இருந்தால், நிறுவும் முன்பே சிம் லிம் ஸ்குவேர் கணினிக் கடைகள் பக்கம் போய், சுழலும் பாகம் இல்லாத எஸ்எஸ்டி டிஸ்க் ஒன்றைப் போட்டுவிடுங்கள். எந்த மென்பொருளை மாற்றினாலும் கிடைக்காத வேகம் அதில் கிடைக்கும். பழைய டிஸ்க்கை அப்படியே எடுத்து வைத்தால் அதுவே ஒரு காப்பாகவும் இருக்கும்.

2. நோட்டுப் புத்தகத்தில் கேள்வியை எழுதுங்கள்

“லினக்ஸ் கற்க வேண்டும்” என்பது ஆசை. அதை வைத்துக்கொண்டு எதையும் தேட முடியாது. “மகளின் தமிழ்க் கட்டுரையைத் தட்டச்சு செய்து, ஆசிரியர் வேர்டில் திறக்கும்படி அனுப்ப வேண்டும்” என்றால் அதில் தேடுவதற்கு மூன்று விஷயங்கள் இருக்கின்றன: தமிழ்த் தட்டச்சு, எழுதும் மென்பொருள், கோப்பு வகை.

ஒரு வாரம் கணினியில் என்னென்ன செய்கிறீர்கள் என்று ஒரு பக்கத்தில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே அது பிரௌசரில் நடக்கிறதா, தனி மென்பொருளில் நடக்கிறதா என்று குறியுங்கள். சிங்பாஸ் (அரசாங்க இணையச் சேவைகளுக்கான அடையாளம்) நுழைவு, வங்கி, வருமான வரி எல்லாம் பிரௌசரில் நடப்பவை, ஃபயர்ஃபாக்ஸ் போதும். விண்டோஸில் மட்டும் ஓடும் கணக்கு மென்பொருளோ அடோபி மென்பொருளோ பட்டியலில் இருந்தால், அதற்கு விண்டோஸ் கணினி ஒன்று தேவைப்படும். இதை இப்போதே தெரிந்துகொண்டால், வரி செலுத்தும் கடைசி நாளில் தவிக்க வேண்டாம்.

நோட்டு காகிதத்தில் இருக்கட்டும். கணினியே ஓடாதபோதுதான் அது மிக அதிகமாகத் தேவைப்படும்.

3. விண்டோஸை விடாமல், முதலில் மென்பொருளை மட்டும் மாற்றுங்கள்

பெரும்பாலோர் தாண்டிக் குதிக்கும் படி இது. ஃபயர்ஃபாக்ஸ், லிப்ரெஆபிஸ், விஎல்சி, ஜிம்ப் ஆகிய நான்கும் விண்டோஸிலும் ஓடும். அங்கேயே நிறுவி, அன்றாட வேலையை அவற்றில் செய்யுங்கள். மென்பொருளையும் இயங்குதளத்தையும் ஒரே நாளில் மாற்றினால், அச்சு சரியாக வரவில்லை என்றதும் குறை லிப்ரெஆபிஸிலா லினக்ஸிலா என்று பிரித்துப் பார்க்க வழியே இருக்காது.

தேடல் முடிவின் உச்சியில் வரும் விளம்பரத்தைச் சொடுக்கி இறக்காதீர்கள். பிரபலமான இலவச மென்பொருள்களின் பெயரில் போலித் தளங்கள் உண்டு. அந்த மென்பொருளின் சொந்தத் தளத்துக்குப் போய் இறக்குங்கள். பணம் கேட்டால் நின்று யோசியுங்கள். நன்கொடை கேட்பது வேறு, பணம் கட்டினால்தான் இறக்கலாம் என்பது வேறு.

லிப்ரெஆபிஸில் பழகும்போது ஒரு பழக்கத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். உங்கள் பிரதியை அதன் சொந்த ஓடிடி (.odt) வகையில் சேமித்து, மற்றவர்களுக்கு அனுப்பும்போது மட்டும் வேர்டின் டாக்எக்ஸ் (.docx) வகையில் இன்னொரு பிரதி எடுங்கள். திரும்பத் திரும்ப டாக்எக்ஸில் திறந்து மூடினால் அட்டவணைகளும் இடைவெளிகளும் நகரும்.

4. காப்பு எடுங்கள், எடுத்ததைத் திறந்தும் பாருங்கள்

வெளி டிஸ்க்கில் நகல் எடுத்தால் மட்டும் போதாது. அதை வேறொரு கணினியில் செருகி, நான்கைந்து கோப்புகளைத் திறந்து பாருங்கள். ஒன்டிரைவ் ஓடும் விண்டோஸில், டெஸ்க்டாப்பில் தெரியும் கோப்பு உண்மையில் இணையத்தில் மட்டும் இருக்கலாம். பக்கத்தில் மேகக் குறி இருந்தால் அது உங்கள் டிஸ்க்கில் இல்லை என்று அர்த்தம்.

டிஸ்க்கை மறையாக்கிப் பூட்டும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கரின் மீட்பு எண்ணையும் இப்போதே எழுதி வைத்துவிடுங்கள். பல மடிக்கணினிகளில் டிஸ்க் மறையாக்கம் தானாகவே இயக்கப்பட்டிருக்கும், உரிமையாளருக்கே தெரியாது. தொடக்க அமைப்பில் எதையாவது மாற்றியதும் விண்டோஸ் அந்த 48 இலக்க எண்ணைக் கேட்டு நிற்கும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் சாதனங்கள் பக்கத்தில் அது பெரும்பாலும் இருக்கும். அங்கே இல்லையென்றால், விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும் போதே பிட்லாக்கர் அமைப்பைத் திறந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

5. யூஎஸ்பி தயாரித்தல்

8 ஜிபி யூஎஸ்பி போதும். அதில் இருப்பவை அனைத்தும் அழியும். மிண்டை முழுதாக அடக்கிய ஐஎஸ்ஓ கோப்பு ஏறத்தாழ 3 ஜிபி. பொது வைஃபையான வயர்லெஸ்@எஸ்ஜியில் உட்கார்ந்து இறக்காமல், வீட்டு ஃபைபரில் இறக்குங்கள். சினமன் பதிப்பு எல்லாருக்கும் ஏற்றது, ரேம் குறைந்த பழைய கணினிக்கு எக்ஸ்எஃப்சிஇ.

இறக்கியதும் அதன் ஷா256 எண்ணை, அதாவது கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் எண்ணைச் சரிபாருங்கள். விண்டோஸில் கட்டளை தட்டும் சாளரமான பவர்ஷெல்லில் கெட்-ஃபைல்ஹேஷ் (Get-FileHash) என்ற கட்டளை அந்த நீண்ட எண்ணைத் தரும், அதை மிண்ட் தளத்தில் உள்ள எண்ணோடு ஒப்பிடுங்கள். ஒரு எழுத்து மாறினாலும் கோப்பு முழுமையாக வரவில்லை, அல்லது யாரோ மாற்றியிருக்கிறார்கள். இந்தச் சரிபார்ப்புக்கு இரண்டு நிமிடம்கூட ஆகாது. செய்யாவிட்டால், நிறுவல் பாதியில் நிற்கும்போது கணினியைக் குறை சொல்லிக்கொண்டிருப்பீர்கள்.

ஐஎஸ்ஓவை யூஎஸ்பிக்குள் இழுத்துப் போட்டால் வேலைக்கு ஆகாது. அது சாதாரண நகலாகத்தான் இருக்கும், கணினி அதிலிருந்து தொடங்காது. எட்சர் அல்லது ரூஃபஸ் போன்ற கருவியால் எழுத வேண்டும்.

6. நிறுவாமல் ஓட்டிப் பாருங்கள்

யூஎஸ்பியைச் செருகி, கணினியை இயக்கும்போது தொடக்கப் பட்டியலை வரவழையுங்கள். டெல், லெனோவோ என்றால் பெரும்பாலும் எஃப்12. எச்பி என்றால் எஃப்9. ஆசுஸ் என்றால் எஸ்கேப். கணினி தொடங்கும் முன்பிருந்தே விசையை விட்டுவிட்டுத் தட்டிக்கொண்டே இருங்கள். விண்டோஸ் சின்னம் வந்த பிறகு அழுத்தினால் பயனில்லை.

மிண்ட் திரை வந்ததும் “நிறுவு” என்ற படம் கண்ணில் படும். இன்று அதைத் தொடாதீர்கள். வைஃபை, ஒலி, கேமரா, திரை வெளிச்சம், டச்பேட், மூடித் திறந்தால் விழிக்கிறதா, பிரின்டர் என்று ஒவ்வொன்றையும் சோதித்து நோட்டில் எழுதுங்கள். இப்போது ஓடாத பாகத்தை, நிறுவும் முன்பே பெயர் சொல்லித் தேட முடியும். யூஎஸ்பியிலிருந்து ஓடுவதால் எல்லாம் மெதுவாகவே இருக்கும், அதை வைத்து வேகத்தை எடைபோடாதீர்கள். அணைத்தால் நீங்கள் செய்த மாற்றங்களும் போய்விடும்.

வைஃபை பட்டியலே காலியாக இருந்தால் பதறாதீர்கள். சில வைஃபை சில்லுகளுக்கு, குறிப்பாகப் பழைய பிராட்காம் சில்லுகளுக்கு, டிரைவரை (சில்லை இயக்கும் மென்பொருளை) தனியாகப் போட வேண்டும். அதை இறக்க இணையம் வேண்டும், இணையத்துக்கோ வைஃபை வேண்டும். இந்தச் சிக்கலிலிருந்து வெளியே வர ஆண்ட்ராய்டு கைப்பேசியை யூஎஸ்பி கம்பியால் இணைத்து, அதன் இணையத்தைக் கணினிக்குத் தரும் யூஎஸ்பி டெதரிங்கை அதில் இயக்குங்கள். கணினி அதைக் கம்பி இணைப்பாகவே எடுத்துக்கொள்ளும்.

7. நிறுவல்

இங்கே உண்மையான முடிவு ஒன்றுதான்: டிஸ்க் முழுவதையும் அழிப்பதா, விண்டோஸின் பக்கத்தில் வைப்பதா. கற்பதற்கென்று ஒதுக்கிய கணினி என்றால் முழுவதையும் அழியுங்கள் என்பேன். இரண்டையும் வைத்தால் பிரச்சினைகளும் இரட்டிப்பாகும், சின்னத் தடங்கலுக்கும் விண்டோஸுக்கு ஓடிவிடுவீர்கள். வீட்டில் இருப்பதே ஒரு கணினிதான் என்றால் மட்டும் பக்கத்தில் வையுங்கள்.

நிறுவியில் டிஸ்க்கே தெரியாவிட்டால், டிஸ்க்கைக் கையாளும் இன்டெலின் ஆர்எஸ்டி அமைப்பு காரணமாக இருக்கலாம். கணினியின் தொடக்க அமைப்பான பயாஸில் அதை ஏஎச்சிஐ (AHCI) என்று மாற்றினால் தெரியும். ஆனால் விண்டோஸை வைத்துக்கொள்ள நினைப்பவர்கள் யோசிக்காமல் மாற்றினால் விண்டோஸ் தொடங்காமல் போகும், அதற்கான முன்தயாரிப்பைத் தேடிப் படித்துவிட்டு மாற்றுங்கள். மற்றத் திரைகள் எளிது. நேர மண்டலம் சிங்கப்பூர், விசைப்பலகை அமெரிக்க ஆங்கிலம். தமிழை இங்கே சேர்க்க வேண்டாம். கடவுச்சொல்லில் தமிழ் எழுத்து விழுந்துவிட்டால் உள்ளே நுழையவே முடியாது.

8. எட்டு மணி நேரக் கேள்வி

இரண்டு இயங்குதளங்களையும் வைத்திருக்கும் ஓர் அக்கா கேட்டார்: “தம்பி, மிண்டை ஓட்டிட்டு விண்டோஸுக்குப் போனா மணி தப்பா காட்டுது. சாயங்காலம் மூணு மணிக்கு காலை ஏழுன்னு இருக்கு. பேட்டரி போயிடுச்சா?”

விடையை நேராகச் சொல்லாமல், “எத்தனை மணி நேரம் வித்தியாசம்? எப்பவும் அதே அளவுதானா?” என்று கேட்டேன். எப்போதும் சரியாக எட்டு. பேட்டரி போனால் நேரம் கண்டபடி மாறும், இப்படிச் சீராக இருக்காது. எட்டு மணி நேரத்தில் வேறு எது இருக்கிறது? உலகப் பொது நேரத்துக்கும் சிங்கப்பூர் நேரத்துக்கும் இடைவெளி எட்டு மணி நேரம். அங்கிருந்து அவரே தேடினார், விடை கிடைத்தது. தாய்ப்பலகையில் ஒரு கடிகாரம் இருக்கிறது. மிண்ட் அதில் உலகப் பொது நேரத்தை எழுதுகிறது. விண்டோஸ் அதே எண்ணை உள்ளூர் நேரம் என்று படிக்கிறது.

டைம்டேட்சிடிஎல் (timedatectl) என்ற கட்டளையால் மிண்டையும் உள்ளூர் நேரத்தை எழுதச் சொல்லலாம். அந்தக் கட்டளையின் கையேட்டுப் பக்கம், இப்படிச் செய்தால் கோடைகால நேர மாற்றத்தின்போது குழப்பம் வரும் என்று எச்சரிக்கிறது. சிங்கப்பூரில் அந்த நேர மாற்றம் கிடையாது, அதனால் இங்கே அது பெரிய தடையல்ல. எச்சரிக்கையைப் படித்து, அது தமக்குப் பொருந்துமா என்று முடிவு செய்துவிட்டுத்தான் அவர் மாற்றினார். கற்க வேண்டிய முறை இதுதான். எண்ணைக் கவனியுங்கள், ஒரு காரணத்தை ஊகியுங்கள், ஊகத்தைச் சோதியுங்கள், கையேட்டைப் படியுங்கள், அதன் பிறகு கை வையுங்கள்.

9. நிறுவியபின் இதே வரிசையில்

முதலில் அப்டேட் மேனேஜரைத் திறந்து எல்லாப் புதுப்பிப்பையும் போடுங்கள். ஐஎஸ்ஓ வெளியான நாளுக்குப் பிறகு சரிசெய்யப்பட்ட பிழைகளை மறுபடி நீங்கள் தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.

இரண்டாவது டைம்ஷிஃப்ட். அது இயங்குதளத்தைப் படம்பிடித்து வைக்கும், கெட்டுப்போனால் பழைய நிலைக்குத் திரும்பலாம். ஆனால் உங்கள் புகைப்படங்களையும் கடிதங்களையும் அது வழக்கமாகச் சேமிக்காது. டைம்ஷிஃப்ட் இருக்கிறதே என்று சொந்தக் கோப்புகளுக்குக் காப்பு எடுக்காமல் விடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். இரண்டும் வேறு வேறு வேலை.

மூன்றாவது டிரைவர் மேனேஜர். அப்புறம்தான் தமிழ்.

தமிழ்99 விசைப்பலகைக்கு ஐபஸ்-எம்17என் (ibus-m17n) என்ற தொகுப்பைச் சாஃப்ட்வேர் மேனேஜரில் தேடி நிறுவுங்கள். உள்ளீட்டு முறையாக ஐபஸைத் தேர்ந்தெடுத்து, வெளியேறி மறுபடி உள்நுழையுங்கள். உள்ளீட்டு முறை உள்நுழையும் நேரத்தில்தான் ஏற்றப்படும் என்பதால் இந்தப் படியைத் தாண்ட முடியாது. “நிறுவினேன், வரவில்லை” என்பவர்களில் பலர் இதைச் செய்யாதவர்கள். பிறகு ஐபஸ் அமைப்பில் தமிழ், தமிழ்99 என்பதைச் சேருங்கள். மிண்ட் பதிப்புக்குப் பதிப்பு இந்தத் திரைகள் சற்று மாறும்.

சோதனைக்கு “அம்மா” என்று அடியுங்கள். அ, ம, ம, ஆ என்று நான்கு விசைகள். ஒரே மெய்யை இரண்டு முறை தட்டியதும் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழ வேண்டும். விழவில்லையென்றால், சாதாரண விசைப்பலகைப் பட்டியலில் உள்ள தமிழைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள். அங்கே ஒரு விசைக்கு ஓர் எழுத்துதான், முன்னால் என்ன தட்டினோம் என்று அது பார்ப்பதில்லை.

பழைய தமிழ்க் கோப்பைத் திறந்தால் கொம்பும் சுழியும் போட்ட ஐரோப்பிய எழுத்துகளாகத் தெரிகிறதா? அது லினக்ஸின் கோளாறு அல்ல. யூனிகோடுக்கு முந்திய குறியாக்கத்தில், ஒரு குறிப்பிட்ட எழுத்துருவை நம்பி எழுதப்பட்ட கோப்பு அது. எந்தக் குறியாக்கம் என்று கண்டுபிடித்து யூனிகோடுக்கு மாற்ற வேண்டும். ஒரு கோப்பின் நகலில் முதலில் செய்து பாருங்கள், நூறு கோப்பையும் ஒன்றாக மாற்றாதீர்கள்.

10. பிழைச்செய்தியைப் படிப்பது

சிவப்பு எழுத்தைப் பார்த்ததும் சாளரத்தை மூடிவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. பெரும்பாலும் விடை அந்தச் செய்தியிலேயே பாதி இருக்கும்.

ஓர் உதாரணம். கட்டளை தட்டும் சாளரமான டெர்மினலில் ஆப்ட் (apt) கட்டளையால் ஒரு மென்பொருளை நிறுவப் போகிறீர்கள். தொகுப்புகளை நிறுவும் டிபிகேஜியின் (dpkg) பூட்டு கிடைக்கவில்லை, இந்த எண்ணுள்ள செயல்முறை அதை வைத்திருக்கிறது என்று செய்தி வருகிறது. இதை இணையத்தில் தேடினால், அந்தப் பூட்டுக் கோப்பை அழித்துவிடுங்கள் என்ற பழைய பதில்கள் வரும். அப்படியே செய்பவர்கள் உண்டு. செய்தியை நிதானமாகப் படியுங்கள்: வேறொன்று ஏற்கனவே நிறுவிக்கொண்டிருக்கிறது. பின்னணியில் அப்டேட் மேனேஜர் ஓடிக்கொண்டிருக்கலாம். இரண்டு பேர் ஒரே சமயத்தில் தொகுப்புப் பதிவேட்டில் எழுதினால் அது சிதையும், அதைத் தடுக்கத்தான் பூட்டு. ஒரு காப்பி குடித்துவிட்டு வந்து மறுபடி முயன்றால் பெரும்பாலும் சரியாகிவிடும். அப்போதும் நின்றால், செய்தி தந்த எண் எந்த நிரலுடையது என்று சிஸ்டம் மானிட்டரில் பாருங்கள்.

தேடும்போது செய்தியைச் சொந்த வார்த்தையில் சொல்லாமல் அப்படியே நகலெடுங்கள். அதில் உங்கள் பயனர் பெயர் இருந்தால் மட்டும் நீக்குங்கள், அந்தப் பெயர் உலகில் வேறு யாருடைய பிழையிலும் இருக்காது. கூடவே மிண்டின் பதிப்பு எண்ணைச் சேருங்கள். கிடைத்த பதிலின் தேதியைப் பாருங்கள். பத்து வருடத்துக்கு முந்திய பதில் அன்று சரியாக இருந்திருக்கும்.

சூடோ (sudo) என்று தொடங்கும் கட்டளை எதையும் புரியாமல் ஒட்டாதீர்கள். கணினியில் எதையும் மாற்றும் அதிகாரத்தை அது கொடுக்கிறது. மேன் (man) என்று தட்டி, பக்கத்தில் கட்டளையின் பெயரைக் கொடுத்தால் கையேடு திறக்கும். அதில் ஒவ்வொரு சொல்லும் என்ன செய்கிறது என்று பாருங்கள். செயற்கை நுண்ணறிவுக் கருவி தந்த கட்டளைக்கும் இதே சோதனைதான். இல்லாத ஒரு தெரிவை இருப்பதுபோல அது எழுதித் தருவதுண்டு.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம். பலிக்கவில்லை என்றால் அதைத் திருப்பிவிட்டு அடுத்தது. பலிக்காததையும் நோட்டில் எழுதுங்கள்.

11. மற்றவர்களிடம் கேட்கும் நேரம்

நீங்களே தேடிவிட்டு, இனி வழி தெரியவில்லை என்றதும் கேளுங்கள். கூச்சம் வேண்டாம், ஆனால் கேள்வி முழுமையாக இருக்கட்டும். என்ன செய்ய நினைத்தீர்கள், எந்த வரிசையில் என்ன செய்தீர்கள், என்ன எதிர்பார்த்தீர்கள், என்ன நடந்தது, என்னென்ன முயன்றீர்கள். மிண்ட் மென்யுவில் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் என்று தேடினால் கணினியின் விவரம் முழுவதும் வரும், அதை நகலெடுத்துக் கேள்வியோடு சேருங்கள். “என் லேப்டாப்பில் ஒலி வரல, ஹெல்ப் பண்ணுங்க” என்றால் பதில் சொல்ல வருபவர் முதலில் ஐந்து கேள்வி கேட்க வேண்டியிருக்கும், பலர் கடந்து போய்விடுவார்கள்.

ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பும் முன், அதில் அடையாள அட்டை எண்ணோ வங்கிப் பக்கமோ தெரிகிறதா என்று பாருங்கள். பிரச்சினை தீர்ந்ததும் எது தீர்த்தது என்று அதே இடத்தில் எழுதிவிடுங்கள்.

12. அழித்து, இன்னொரு முறை நிறுவுங்கள்

எல்லாம் ஓடத் தொடங்கிச் சில வாரங்கள் ஆனதும் இதைச் செய்யுங்கள். சொல்லும்போது பலருக்கு முகம் மாறும். சொந்தக் கோப்புகளுக்குக் காப்பு எடுத்து, திறந்து பார்த்துவிட்டு, அதே யூஎஸ்பியால் மறுபடி முதலிலிருந்து நிறுவுங்கள். இம்முறை இணையத்தில் தேடாமல், நோட்டை மட்டும் பார்த்துச் செய்யுங்கள்.

முதல் முறை ஏதோ ஒரு மாற்றம் வேலை செய்தது, ஆனால் எது என்று எழுதவில்லை என்பது இப்போதுதான் தெரியவரும். பிரின்டரில் பலருக்கும் இது நடக்கும். மூன்று டிரைவர்களை முயன்றிருப்பார்கள், நோட்டில் “பிரின்டர் ஓகே” என்று மட்டும் இருக்கும். அப்படி நிற்கும் இடத்தில் விட்டுப்போன வரியை அங்கேயே எழுதிவிட்டு, அடுத்த படிக்குப் போங்கள்.